கடலுக்குள் நான் போட்ட வேலி

1995ஆம் ஆண்டு மாசி மாதம். வெடிச்சத்தம் ஓய்ந்து, பேச்சுவார்த்தை நடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த அந்தச் சில மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாவகச்சேரிக்குத் தெற்கே, ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் பரவைக்கடல். அங்கேதான் நான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். செய்ததோடு நிற்காமல், அதற்காக இன்னொருவர் பேச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டும் நின்றேன்.

நான் அப்போது உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஏழு வருடமாகப் பூநாரையின் படத்தைச் சுவரில் கொழுவிவிட்டு, பிரம்பால் அதன் வளைந்த சொண்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறேன். உயிருள்ள பூநாரையை ஒரு நாளும் கண்டதில்லை. அதுவோ ஒவ்வொரு மாரிக்கும் எங்கள் வீட்டிலிருந்து எட்டு மைல் தூரத்தில் வந்து நிற்கிறது! சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் யார் போவது?

அந்த மாதங்களில் கரையோரத்து வள்ளக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைப் பறவை பார்க்க ஏற்றிப் போகத் தொடங்கியிருந்தார். இரண்டு வள்ளங்களை அருகருகே வைத்துக் கட்டி, மேலே பலகை அடித்திருந்தார். ஆடாது, பெண்கள் காலை நீட்டி இருந்து போகலாம். மோட்டார் கிடையாது. மண்ணெண்ணெய்க்கு நாங்கள் பட்ட பாடு தெரியும்தானே. நீண்ட கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டுதான் போவார். இதைக் கேள்விப்பட்ட அன்றே நான் பள்ளிக்கூடத்தில் ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சங்கீத ரீச்சர் உடனே சம்மதித்தார். கணித ரீச்சர்தான் தயங்கினார். அவருக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. பெண் குழந்தை. போத்தலை வாயில் வைத்தாலே முகத்தைத் திருப்பிவிடும், தாய்ப்பால் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு என்பதால் இடைவேளைக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவார். "நீர் போட்டு வாரும், எனக்கு இதெல்லாம் சரிவராது" என்றார். எனக்கு வாய் கொஞ்சம் கூட. "பிள்ளை பெத்தா கண்ணைக் குத்திக்கொண்டு இருக்க வேணுமெண்டு ஆர் சொன்னது? விடியப் பாலைக் குடுத்திட்டு வாரும். ரண்டு மணிக்குள்ளை உம்மைக் கொண்டுவந்து வீட்டுப் படலையிலை விடுறது என்ரை பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு மணிக்குள்.

விடிய ஆறு மணிக்கு அவர் பிள்ளைக்குப் பால் கொடுத்து, மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். மூன்று சைக்கிள்களில் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வள்ளக்காரர் கலகலப்பான மனிதர், கோபமும் சட்டென்று வரும் என்பதைப் பிறகு கண்டுகொண்டோம். "ரீச்சர்மார் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. உதுக்குள்ளை விழுந்தாலும் முழங்காலளவு தண்ணிதான்" என்று சொல்லி எங்களை ஏற்றினார். வழி நெடுகத் தண்ணீருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடிகள் நின்றன. நுனியில் கிழிந்த துணி கட்டியிருந்தது. அவர் வளைந்து வளைந்து போனார். அந்தத் தடிகளையும் அவருடைய வளைவுகளையும் சேர்த்து நான் யோசிக்கவே இல்லை. என் கண் முழுக்க வானத்தில்.

கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டி. பற்றைகூடக் கிடையாது. எங்களை அங்கே இறக்கிவிட்டு, "நான் போய் வலையைப் பாத்துப்போட்டுப் பன்னிரண்டுக்கு முன்னம் வாறன். திட்டியை விட்டுத் தூரப் போகாதேங்கோ, ரண்டு பக்கமும் சேறு" என்று சொல்லிவிட்டு வள்ளக்காரர் போனார்.

பூநாரைகள் நின்றன. எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள், எண்ண மனம் வரவில்லை. தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அலசி அலசித் தின்றன. இடைக்கிடை ஒரு கூட்டம் எழும்பிச் சிறகை விரிக்கும்போது அடியிலிருந்த சிவப்பு தெரிந்தது. சங்கீத ரீச்சர் "ஐயோ முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரில் தொங்கிய என் படத்தில் அந்தச் சிவப்புப் பாதிகூட இல்லை.

நான் சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். வாத்தியார்த்தனம் விடுமா? பூநாரை குஞ்சுக்கு எப்படி உணவு கொடுக்கும், அதன் தொண்டைக்குள் ஒரு வகைப் பால் ஊறும், தாயும் தகப்பனும் இரண்டு பேருமே அந்தப் பாலைக் குஞ்சின் வாயில் விடுவார்கள் என்று விளக்கத் தொடங்கினேன். கணித ரீச்சர் இரண்டு கையாலும் நெஞ்சை இறுக்கிக்கொண்டு, "பால் எண்ட கதையை ஏன் இப்ப எடுத்தனீர்!" என்று பல்லைக் கடித்தார். சட்டை நனைந்துவிட்டது. மார்பு கல்லாகக் கட்டி வலிக்கிறது, கொஞ்சமாவது பீய்ச்சி விட வேண்டும் என்றார்.

எங்கே வைத்து? நாலு பக்கமும் வெளி. தூரத்தில் இரண்டு மூன்று வள்ளங்கள், ஆண்கள். நானும் சங்கீத ரீச்சரும் மறைத்துக்கொண்டு நின்றாலும் அவருக்குக் கூச்சம் போகவில்லை. வெயிலுக்குப் பிடிக்கவென்று ஒரு பழைய சேலை கொண்டு வந்திருந்தேன். அதைக் கட்டுவதற்குத் தடி வேண்டும். சுற்றிப் பார்த்தேன். திட்டிக்கு முன்னால் முழங்காலளவு தண்ணீரில் ஆறு தடிகள் அருமையாக நின்றுகொண்டிருந்தன.

எங்களூர்க்காரரைப் பற்றித் தெரியும்தானே. ஒரு முழக் காணி இருந்தாலும் முதலில் வேலியைத்தான் அடைப்போம். தடி ஒன்றைக் கண்டால் எங்கள் கண்ணுக்கு அது வேலிக்கு நடும் கதியால். நான் தோட்டக்காரர் வீட்டில் பிறந்து, வருடா வருடம் ஐயாவோடு நின்று வேலி அடைத்தவள். உடுத்திருந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, ஆறு தடியையும் பிடுங்கிக்கொண்டு வந்து, மணலில் குத்தி, கொண்டுவந்த சேலையைச் சுற்றி ஐந்து நிமிஷத்தில் ஒரு மறைப்புக் கட்டிவிட்டேன். கணித ரீச்சர் உள்ளே போனார். சங்கீத ரீச்சர் என் கைத்திறனை மெச்சினார். எனக்கும் பெருமைதான்.

இன்னொரு ஆளுடைய பொருளை எடுத்தால் திரும்ப வைக்க வேண்டும் என்ற அறிவு எனக்கு இருந்தது. அதனால்தான் கேடு வந்தது. பிடுங்கிய குழிகளைத் தண்ணீர் மூடிவிட்டது. எந்தத் தடி எங்கே நின்றது என்று தெரியவில்லை. பழைய மாதிரிக் கோணல்மாணலாக நட எனக்கு மனம் ஒப்பவுமில்லை. கண்ணால் நேர் பார்த்து, அளந்து அடியெடுத்து வைத்து, ஆறையும் ஒரே வரிசையில் குத்திவிட்டுத் திரும்பினேன். முன்னை விட வடிவாக இருந்தது.

வள்ளக்காரர் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். அவர் வேறு பக்கத்தால் வலையிலிருந்து நேரே திட்டிக்கு வந்ததால் தடிகளைக் கவனிக்கவில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு கரைப்பக்கம் திரும்பினார். உச்சி வெயில், தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது, அடி தெரியவில்லை. தடிகளைப் பார்த்துத் தள்ளினார். தூரத்தில் தண்ணீருக்குள் ஒரு பெண் நின்று இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டுவதைச் சங்கீத ரீச்சர் கண்டார். "பாவம், எவ்வளவு அன்பான சனம்" என்று சொல்லித் திரும்பக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அடுத்த நிமிஷம் இரண்டு வள்ளமும் 'சரக்' என்று மண்ணில் ஏறிக் குத்திக்கொண்டன.

வள்ளக்காரர் இறங்கித் தள்ளினார். நாங்களும் இறங்கித் தள்ளினோம். அசையவில்லை. காற்றும் மாறியிருந்தது. அந்தக் கடலில் காற்று மாறினால் தண்ணீர் கண் முன்னாலேயே வற்றும். ஒரு மணிநேரம் மல்லுக்கட்டினோம். அதற்குள் வள்ளத்தின் வயிறு வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. இனி இராத்திரி தண்ணீர் ஏறினால்தான் வள்ளம் மிதக்கும் என்றார். கணித ரீச்சர் பலகையில் குந்தினார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், நெருப்பாய்ச் சுட்டது. பால் கட்டிய காய்ச்சல். "பிள்ளை இப்ப கத்திக்கொண்டிருக்கும்" என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வள்ளக்காரர் தடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "கிழமைக்கு ஒருக்காப் பாத்துப் பாத்து ஆழத்திலை நட்ட தடி. ஆர் மாத்தினது? உந்த வந்த சனத்தின்ரை வேலைதான். விறகுக்குத் தடியைப் பிடுங்கிறது, பிறகு பயத்திலை கண்ட இடத்திலை குத்திப்போட்டுப் போறது" என்று கத்தத் தொடங்கினார். வந்த சனம் என்றால், தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து கரையில் கொட்டில் போட்டிருந்த குடும்பங்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தடிகள் வள்ளம் போகக்கூடிய ஆழத்தைக் காட்டும் அடையாளங்கள். நான் அவற்றைப் பிடுங்கி, தண்ணீருக்கடியில் மறைந்திருந்த ஒரு மணல்மேட்டின் மேல் வேலியாக நட்டிருக்கிறேன்.

சங்கீத ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன், நாக்கு எழும்பவில்லை. விலங்கியல் ரீச்சர், பத்துப் பேருக்குப் புத்தி சொல்கிறவள், இப்படியொரு வேலை பார்த்தாள் என்று ஊர் முழுக்கச் சிரிக்குமே என்ற பயம்தான். வேறொன்றுமில்லை.

அந்த நேரம் கையை ஆட்டிய பெண் நடந்து வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். இடுப்பில் இறால் போடும் ஓலைப்பறி, கழுத்தில் கறுத்த நூலில் மாதாவின் பதக்கம். தண்ணீருக்குள் இருந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவர். மூச்சு வாங்கியது.

"மறிக்கத்தானே கையைக் காட்டிக்கொண்டு வந்தனான். நீங்கள் எல்லாரும் எனக்குத் திருப்பிக் கையைக் காட்டுறியள்!" என்றார்.

வள்ளக்காரர் பாய்ந்தார். "நடிக்காதை. தடியிலை கை வைச்சது ஆர்? நீங்கள் வந்து சேந்த நாளிலையிருந்து உதுதான் கதை."

"என்ரை மனுசன் நட்ட தடியும் உதுக்குள்ளை நிக்குது அண்ணை. அந்தாளும் பின்னேரம் உதைப் பாத்துத்தான் வரவேணும். நான் ஏன் பிடுங்கிறன்?"

"அப்ப ஆர், பூநாரையே வந்து பிடுங்கினது?"

அவர் இன்னும் என்னென்னவோ பேசினார். எழுத வேண்டாம். அந்தப் பெண் குனிந்துகொண்டு பறியின் கயிற்றை இறுக்கினார். அழவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. இதைவிடக் கூடக் கேட்டுப் பழகியவர் போல நின்றார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், பத்து நிமிஷம் போயிருக்கும், முழுதாகப் பத்து நிமிஷம், நான் வாயைத் திறப்பதற்கு.

"அண்ணை, அவவைப் பேசாதேங்கோ. பிடுங்கினது நான். திருப்பி நட்டதும் நான்தான்."

ரீச்சரைத் திட்டுவதா விடுவதா என்று வள்ளக்காரருக்கு விளங்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தார், தடிகளைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நானும் தூரத்திலையே நினைச்சனான், இது எங்கடை ஆக்கள் நட்ட தடி மாதிரி இல்லையே எண்டு. நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. நல்ல வேலிதான் ரீச்சர்!"

சிரிப்பு முடியும் முன்பே அவருடைய கண் கணித ரீச்சரிடம் போய்விட்டது. நனைந்த சட்டையைப் பார்த்தார். நடுக்கத்தைப் பார்த்தார். எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பிள்ளைக்கு எத்தினை மாசம்?"

"அஞ்சு."

"எனக்கும் கைக்குழந்தை இருக்கு. எழும்புங்கோ, நடந்து போவம்."

தண்ணீர் வற்றும் நேரம்தான் இறால் கையில் அகப்படும் நேரம். அதை விட்டுவிட்டு, பறியைக் கழற்றி வள்ளத்தில் வைத்தார். தன்னை அவ்வளவு திட்டிய மனிதரிடம், "அண்ணை, நீங்கள் தடியளைச் சரியான இடத்திலை நடுங்கோ, வள்ளங்கள் வரப்போகுது. இவையை நான் கரை சேக்கிறன்" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றார்.

நடந்தோம். ஒன்றரை மணிநேரத்துக்கு மேல். இரு பக்கமும் இடுப்பளவு சேறு, நடுவில் பாதம் வைக்கும் அளவுக்கு ஒரு கெட்டி நிலம், தண்ணீருக்கடியில் எங்களுக்கு அது தெரியாது. "என்ரை காலடியைப் பாத்து வையுங்கோ. நான் நிண்டா நில்லுங்கோ" என்று அந்தப் பெண் முன்னே போனார். ஒரு கையால் கணித ரீச்சரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்னால் நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான். என் கையைப் பிடித்தபடி சங்கீத ரீச்சர், அத்தனை தேவாரத்தையும் முணுமுணுத்துக்கொண்டு. ஒரு இடத்தில் என் கால் வழுக்கித் தொடைவரை புதைந்தது. ஒரே இழுவையில் வெளியே எடுத்துவிட்டார். பிடித்த பிடியை விடவே இல்லை.

கரையில் அவருடைய கொட்டிலுக்குப் போகும்போது மூன்றரை. நாங்கள் தலைமுதல் கால்வரை சேறு. வாசலில் இருந்த குடத்தைச் சரித்து எங்கள் கால்களில் ஊற்றினார். நாங்களும் நன்றாகத் தேய்த்துக் கழுவினோம். மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டோம். உள்ளே ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. பக்கத்துக் கொட்டில்காரி ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தார். தாய் போய்த் தூக்குவார் என்று பார்த்தால் அவர் வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார்.

"பிள்ளை அழுகுதல்லோ, பாலைக் குடுங்கோவன்" என்றேன். என் வாய் எங்கே சும்மா இருக்கும்.

"விடியலிலையிருந்து உப்புத் தண்ணிக்குள்ளை நிண்ட உடம்பு ரீச்சர். உந்தக் குளிரோடை நாங்கள் குடுக்கிறேல்லை, பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும். நல்ல தண்ணி வாத்து, உடம்பைச் சூடாக்கிப்போட்டுத்தான். கிணறு கொஞ்சம் தூரம். ஓடிப்போய் வாறன்."

அவர் தனக்குக் குளிக்கவென்று எடுத்து வைத்திருந்த தண்ணீரைத்தான் நாங்கள் காலில் ஊற்றிக் கழுவியிருந்தோம். வெட்கத்தில் எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அப்போது கணித ரீச்சர் ஏணையடிக்குப் போனார். யாரிடமும் கேட்கவில்லை. குனிந்து அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலின் மூலைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்துவிட்டார். அழுகை சட்டென்று நின்றது. தாய் குடத்தோடு வாசலில் நின்றபடி பார்த்தார்.

"என்னை அவ்வளவு தூரம் தாங்கிக்கொண்டு வந்தனீங்கள். நீங்கள் ஆறுதலாப் போட்டு வாங்கோ அக்கா" என்றார் கணித ரீச்சர், திரும்பாமலே. "இந்தப் பக்கம் இவருக்கு. மற்றப் பக்கம் என்ரை பிள்ளைக்கு வைச்சிருக்கிறன்."

எங்கள் வீடுகளில் அந்தப் பெண்ணின் சாதியாருக்கென்று வேறு தம்ளர் வைத்திருந்த காலம் அது. வெளிப்படையாகச் சொல்கிறேன், என் வீட்டிலும் இருந்தது. அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

கால் மணிநேரத்தில் கணித ரீச்சரின் நடுக்கம் குறைந்தது. கட்டியிருந்த பால் ஒரு பக்கம் இறங்கியதும் முகம் தெளிந்துவிட்டது. ஆனாலும் சைக்கிள் ஓட்டத் தெம்பில்லை. அவருடைய சைக்கிளைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு, என் கரியரில் ஏற்றிக்கொண்டேன். எட்டு மைல். வாழ்க்கையில் அப்படி நான் மிதித்ததில்லை. பொழுதுபடும் நேரம் அவர் வீட்டுப் படலைக்குக் கிட்டப் போகும்போதே குழந்தையின் சத்தம் கேட்டது. அழுது அழுது தொண்டை அடைத்து, பூனைக்குட்டி மாதிரி. மாமியார் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். கரண்டியால் கொடுத்த கொத்தமல்லித் தண்ணீரைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லையாம். கணித ரீச்சர் முற்றத்து மண்ணிலேயே இருந்து பிள்ளையை வாங்கினார். அது குடிக்கிற சத்தம் கேட்டபிறகுதான் நான் சைக்கிளை நிறுத்தினேன். பிறகு வேலியோரமாக நின்று நன்றாக அழுதேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் வேலியில் இருந்து பன்னிரண்டு தடி வெட்டி, துணி கட்டி, சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். அந்தப் பெண் தடிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பூவரசந்தடி. கடலுக்குள்ளை முளைச்சுதெண்டா என்ன செய்யிறது ரீச்சர்?" என்று சிரித்தார். தேத்தண்ணி தந்தார். குடித்தேன். வள்ளக்காரரும் அங்கே நின்றார். அன்றைக்கு அந்தப் பெண் வள்ளத்தில் வைத்துவிட்டு வந்த பறியைக் கொண்டுவந்து கொடுக்கும்போதே அவர் மன்னிப்புக் கேட்டாராம். நான் கேட்டது இரண்டாவது மன்னிப்பு. இரண்டையும் அந்தப் பெண் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. அந்த வருடம் முடிவதற்குள் நாங்கள் எல்லோரும் எங்கெங்கோ சிதறினோம். திரும்பி வந்து அந்தக் கரைக்குப் போனபோது கொட்டில்கள் இல்லை. எங்கே போனார்கள் என்று சொல்லவும் ஒருவருமில்லை. கணித ரீச்சரின் மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். தாயோடு செல்லச்சண்டை பிடிக்கும்போது, "எனக்கு நீங்கள் அரைவாசிப் பால்தானே தந்தனீங்கள், மற்ற அரைவாசி கடற்கரைத் தம்பிக்கு" என்பாளாம். அந்தத் தம்பியும் எங்கேயோ நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் இன்றைக்கும் கும்பிடுகிறோம்.

நான் பேசாமல் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி அந்த இறால்காரப் பெண் என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காமலே கையை நீட்டினார். எங்கேயாவது செய்யாத குற்றத்துக்கு ஒருவர் தலைகுனிந்து நிற்பதைக் கண்டால், சேற்றிலிருந்து என்னை இழுத்தெடுத்த அந்த உப்புக்கை இப்போதும் என் கையைப் பிடிக்கிறது, நானும் உடனே வாயைத் திறந்துவிடுகிறேன்.